பழைய கார் ரேடியேட்டரில் எடை எங்கே இருக்கிறது?

பழைய கார்களைப் புதுப்பிப்பவர்கள் ரேடியேட்டர் பற்றிப் பேசத் தொடங்கினால் பத்து நிமிடத்துக்குள் அலுமினியத்துக்கு வந்துவிடுவார்கள். பித்தளையும் செம்பும் கனம், அலுமினியம் இலேசு. செம்பு விலை அதிகம், அலுமினியம் மலிவு. எனவே பழைய கோரை, அதாவது ரேடியேட்டரின் நடுவில் வெப்பத்தை மாற்றும் குழாய்த் தொகுதியை, தூக்கிப் போட்டுவிட்டு அலுமினியத்தில் ஒன்று செய்துகொண்டால் எடையும் குறையும், பணமும் மிச்சம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரேடியேட்டர் என்ற பொருள் பிறந்து வளர்ந்த முதல் நாற்பது ஆண்டுகளைப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. அந்தக் காலத்தில் எடையும் விலையும் மளமளவென்று குறைந்தன. உலோகமோ கடைசி வரை அதே செம்பும் பித்தளையும்தான். அப்படியானால் எதைக் குறைத்தார்கள்? உள்ளே நிற்கும் தண்ணீரையும், பற்றவைக்க வேண்டிய இணைப்புகளின் எண்ணிக்கையையும். ரேடியேட்டரின் எடையும் விலையும் இந்த இரண்டிலும்தான் ஒளிந்திருக்கின்றன என்பது என் கட்சி. அதை எண்களோடு சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ரேடியேட்டரே இல்லாத காலம். 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போவதுதான் குளிர்விக்கும் முறை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 2,257 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். இது பெரிய அளவு. முக்கால் குதிரைத்திறன் எஞ்சினுக்கு அது தாராளம். எஞ்சின் சக்கரத்துக்குத் தரும் ஆற்றலுக்குச் சமமான வெப்பம் தண்ணீருக்குப் போகிறது என்று தோராயமாக வைத்துக்கொண்டால், அந்த வண்டிக்கு மணிக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் போதும். இதே கணக்கை 20 குதிரைத்திறன் எஞ்சினுக்குப் போட்டால், முழு வேகத்தில் மணிக்கு 24 லிட்டர். எஞ்சின் வளர வளரத் தண்ணீர்த் தொட்டியும் வளரவேண்டும். தொட்டியைச் சுமக்கச் சட்டம் வலுக்கவேண்டும். அதை இழுக்க எஞ்சின் இன்னும் பெரிதாகவேண்டும். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர, அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பக் குளிர வைத்துப் பயன்படுத்தியாகவேண்டும்.

அதைச் சரியாகச் செய்துகாட்டியவர் வில்ஹெல்ம் மேபாக். டைம்லர் நிறுவனத்துக்காக, அதன் கார்களை விற்றுவந்த எமில் யெல்லினெக் கேட்டுக்கொண்டபடி அவர் வடிவமைத்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் 1900 டிசம்பரில் தயாராகி, 1901 மார்ச்சில் நீஸ் பந்தய வாரத்தில் மற்ற கார்களைப் பழசாக்கிவிட்டது. அதன் முகப்பில் இருந்ததுதான் தேனடை ரேடியேட்டர். 6 மி.மீ.க்கு 6 மி.மீ. சதுர வாய் கொண்ட 8,070 சிறு குழாய்கள், செங்கல் அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். குழாய்க்குள் ஓடுவது காற்று. குழாய்களுக்கு இடையே இருக்கும் மெல்லிய சந்துகளில் இறங்குவதுதான் தண்ணீர். பின்னால் ஒரு விசிறி. கொஞ்சம் கணக்குப் போடுங்கள்: எல்லா வாய்களையும் கூட்டினால் காற்று நுழையும் திறப்பு 0.29 சதுர மீட்டர், அதாவது அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பக்கமுள்ள ஒரு சதுரம். ஆனால் ஒவ்வொரு குழாயின் உட்சுற்றும் 24 மி.மீ. என்பதால், கோரின் ஆழத்தில் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் 19 சதுர மீட்டர் பரப்பு காற்றில் படுகிறது. ஒரு சிறிய அறையின் தரையளவு பரப்பு, காரின் மூக்கில் மடிந்து உட்கார்ந்திருக்கிறது.

இதனால் தண்ணீருக்கு என்ன ஆயிற்று என்பதுதான் என் வாதத்துக்கு முக்கியம். அதற்கு முந்தைய டைம்லர் கார்களின் குழாய் ரேடியேட்டருக்கு 18 லிட்டர் தண்ணீர் தேவைப்பட்டது. தேனடைக்கு 9 லிட்டர் போதுமானது. ஒரே வடிவமைப்பில் 9 கிலோ போய்விட்டது. அதோடு அந்த 9 லிட்டரைத் தாங்கியிருந்த தொட்டி, பட்டை, போல்ட் எல்லாம் இளைத்திருக்கும். இதற்கு மேபாக் உலோகத்தை மாற்றவில்லை. தண்ணீரைத் தடித்த ஓடையாக ஓடவிடாமல் மெல்லிய ஏடாகப் பரப்பினார். நடுவில் சும்மா ஓடிக்கொண்டிருந்த தண்ணீருக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அதுவும் அனுபவமுள்ள மெக்கானிக்குகளிடமிருந்தே எழும்: தண்ணீர் கூடுதலாக இருந்தால் வண்டி சீக்கிரம் கொதிக்காதே, கூடுதல் தண்ணீர் பாதுகாப்பில்லையா? அளந்து பார்த்தால் அந்தப் பாதுகாப்பு மிகச் சிறியது. 20 குதிரைத்திறன் எஞ்சின் முழுமூச்சில் வேலை செய்யும்போது தண்ணீருக்குள் வந்து சேரும் வெப்பம் ஏறக்குறைய 15 கிலோவாட். ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற்ற 335 கிலோஜூல் போதும். வகுத்துப் பாருங்கள்: ஒரு லிட்டர் கூடுதல் தண்ணீர் தரும் அவகாசம் 22 வினாடி. ஐந்து லிட்டர் கூட்டினால் இரண்டு நிமிடம்கூட இல்லை. மலைப்பாதையில் அரை மணிநேரம் ஏறும் காருக்கு இது எந்த மூலைக்கு? வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கும் வேகம்தான் காப்பாற்றும். பள்ளத்தில் குதிக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அந்த ஐந்து கிலோ சஸ்பென்ஷனிலும் ரேடியேட்டரின் பற்றுகளிலும் மோதிக்கொண்டே இருக்கும்.

தேனடை எடையைக் குறைத்தது, விலையையோ ஏற்றிவிட்டது. 8,070 குழாய்கள் என்றால் இரண்டு முனைக்குமாக 16,140 முனைகள். ஒவ்வொன்றையும் சுற்றித் தண்ணீர் கசியாதபடி ஈயப்பற்று நிற்கவேண்டும். பிற்காலத்துத் தேனடைகளில் குழாயின் இரண்டு முனைகளை மட்டும் விரித்து அறுகோணமாக்குவார்கள். குழாய்களைச் சட்டத்துக்குள் நெருக்கி அடுக்கும்போது விரிந்த முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நடு உடல்கள் மட்டும் விலகி நிற்கும். அந்த விலகல்தான் தண்ணீர் போகும் வழி. பிறகு முழு முகத்தையும் உருகிய ஈயத்தில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு முக்கி எடுப்பார்கள். இந்தப் பற்று காரீயமும் வெள்ளீயமும் கலந்தது. காரீயத்தின் அடர்த்தி செம்பைவிடக் கூடுதல்: கன செ.மீ.க்குச் செம்பு 8.96 கிராம், காரீயம் 11.3. ஆக, மெல்லிய பித்தளைத் தகட்டில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியை ஒவ்வொரு முனையிலும் ஈயமாகத் திருப்பிக் கொடுக்கவேண்டியிருக்கிறது. வெள்ளீயமோ அப்போதும் இப்போதும் விலை உயர்ந்த உலோகம். பழுது வந்தாலும் துன்பம்தான். கோரின் நடுவில் ஒரு குழாயில் ஓட்டை விழுந்தால் அங்கே கையோ சால்டரிங் இரும்போ போகாது. அந்தக் குழாயின் இரண்டு வாயையும் அடைத்துவிட்டு அதை இழந்துவிடுவதே பெரும்பாலும் வழி.

விலை குறைந்த வரலாற்றைப் பார்க்க அட்லாண்டிக்கைத் தாண்டவேண்டும். 1908 அக்டோபரில் வந்த ஃபோர்டு மாடல் டி காரின் ரேடியேட்டரில் தண்ணீர் குழாய்க்குள் ஓடியது, காற்று வெளியே. செங்குத்தாக நிற்கும் குழாய்கள், அவற்றைக் கிடைமட்டமாகக் கோத்து நிற்கும் மெல்லிய தகடுகளான ஃபின்கள். வெப்பத்தைப் பரப்பும் வேலையைச் செய்பவை ஃபின்கள். அவற்றுக்குத் தண்ணீர் கசிகிறதா என்ற கவலை இல்லை. ஃபினில் ஒரு இடத்தில் பற்று சரியாகப் பிடிக்காவிட்டாலும் அந்த இடம் கொஞ்சம் குறைவாகக் குளிரும், அவ்வளவுதான். கசியாமல் இருக்கவேண்டிய இணைப்புகள் குழாயின் இரண்டு முனைகள் மட்டுமே. ஹென்றி ஃபோர்டு 1922இல் வெளியிட்ட ‘மை லைஃப் அண்ட் ஒர்க்’ என்ற புத்தகத்தில் இந்த எண்கள் இருக்கின்றன: ஒரு ரேடியேட்டருக்கு 95 குழாய்கள். கையால் பொருத்திப் பற்றவைக்கத் திறமையும் பொறுமையும் வேண்டிய நீண்ட வேலை அது. அதை ஓர் இயந்திரத்துக்குக் கொடுத்தார்கள். எட்டு மணிநேரத்தில் 1,200 கோர்கள். அடுத்து, நகரும் பட்டையில் உலைக்குள் போய் வெளியே வரும்போது பற்றவைப்பு முடிந்திருக்கும். தகரவேலை தெரிந்த ஆள் தேவையில்லை என்றே அவர் எழுதுகிறார். 1,200 கோர் எட்டு மணிநேரத்தில் என்றால் ஒரு கோருக்கு 24 வினாடி. 16,140 முனைகளோடு 190 முனைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். எண்பத்தைந்தில் ஒரு பங்கு. 1908இல் 850 டாலருக்கு விற்ற கார் 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே வந்ததற்கு இப்படிப்பட்ட நூறு காரணங்கள் உண்டு. அவற்றுள் ரேடியேட்டர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் ஒன்று. இத்தனையிலும் குழாய் பித்தளையாகவும் செம்பாகவுமே இருந்தது.

ஆனால் என் வாதத்துக்கு ஃபோர்டே ஒரு சங்கடத்தையும் கொடுக்கிறார், அதை மறைத்துவிட்டுப் போவது சரியில்லை. மாடல் டி காரின் முதல் 2,500 வண்டிகளில் தண்ணீர் பம்ப் இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டு, சூடான நீர் மேலே ஏறும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும் என்ற தெர்மோசைஃபன் முறைக்கு மாறினார்கள். பம்ப், அதன் பல்சக்கரம், கசியும் சீல் எல்லாம் போயிற்று, விலை குறைந்தது. ஆனால் இந்த முறையில் தண்ணீரைத் தள்ளும் விசை எவ்வளவு தெரியுமா? 95 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 962 கிராம், 65 டிகிரியில் சுமார் 981 கிராம். இந்த 19 கிராம் வித்தியாசம்தான் பம்ப் செய்த வேலையைச் செய்கிறது. இவ்வளவு பலவீனமான விசைக்குக் குறுகிய சந்துகள் ஒத்துவராது. தடித்த ஹோஸ், அகன்ற வழிகள், மேலே பெரிய டேங்க், நிறையத் தண்ணீர் வேண்டும். மாடல் டி சுமக்கும் தண்ணீர் ஏறக்குறைய 11 லிட்டர். 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் 9 லிட்டரில் ஓட, 20 குதிரைத்திறன் ஃபோர்டுக்கு 11 லிட்டர். குதிரைத்திறன் ஒன்றுக்கு என்று பார்த்தால் அங்கே கால் லிட்டர், இங்கே அரை லிட்டருக்கு மேல். விலையைக் குறைக்க எடையைக் கூட்டிக்கொண்டார்கள்.

ஆகவே எடையும் விலையும் எப்போதும் கைகோத்து இறங்கும் என்று நான் சொல்லமாட்டேன். இணைப்புகளைக் குறைத்தால் விலை இறங்கும், தண்ணீரைக் குறைத்தால் எடை இறங்கும். இரண்டையும் ஒன்றாக இறக்கப் பம்பும் மெல்லிய தட்டைக் குழாயும் உலைப் பற்றவைப்பும் ஒன்றுசேரவேண்டியிருந்தது. ஃபோர்டின் தேர்வைத் தவறென்றும் நான் நினைக்கவில்லை. தண்ணீர் எங்கும் கிடைக்கும், பம்ப் உதிரிபாகம் கிராமத்துப் பண்ணையில் கிடைக்காது. அந்தக் காரை வாங்கியவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் இன்று மாடல் டி வைத்திருப்பவர் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். தண்ணீர் மட்டம் மேல் ஹோஸின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் சுழற்சி நின்றுபோகும். பாதி நிறைந்த ரேடியேட்டர் அங்கே பாதி வேலை செய்யாது. ஏறக்குறைய எதுவுமே செய்யாது.

இன்னொரு சேமிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பித்தளை யுகத்துக் கார்களில் ரேடியேட்டரின் வெளிக்கூடும் டேங்கும் ஒரே உடலாக இருந்தன. முகமும் அதுவே, பாத்திரமும் அதுவே. தண்ணீர் தாங்கும் பாகத்தையே கண்ணாடிபோல் மெருகேற்றவேண்டும். 1917 மாடலில் ஃபோர்டு இந்த இரண்டையும் பிரித்தார்: உள்ளே சாதாரணக் கோரும் டேங்கும், வெளியே அச்சில் அழுத்திய எஃகுக் கூடு, கறுப்புச் சாயம். அழகை இழந்தார்கள் என்று பித்தளை ரசிகர்கள் இன்றும் வருந்துகிறார்கள். எனக்கும் பித்தளை முகம் பிடிக்கும். ஆனால் முகத்தையும் பாத்திரத்தையும் பிரித்தபிறகுதான் உள்ளே இருப்பதை மெல்லியதாகவும் மலிவாகவும் செய்ய வழி திறந்தது. ரோல்ஸ்-ராய்ஸ் போன்றவர்கள் முகத்தைக் கையால் செய்வதைத் தொடர்ந்தார்கள், அந்த விலைக்கு வாங்க ஆள் இருந்தது.

இப்போது உலோகத்துக்கு வருகிறேன். செம்பின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு டிகிரிக்கு ஏறக்குறைய 390 வாட், அலுமினியத்துக்கு 220 சுற்றுவட்டம், பித்தளைக்கு 110 முதல் 120. இந்த எண்களைக் காட்டி ஒருவர் செம்புக்கும் இன்னொருவர் அலுமினியத்துக்கும் வக்காலத்து வாங்குவதைப் பார்க்கலாம். தண்ணீரிலிருந்து காற்றுக்குப் போகும் வெப்பம் மூன்று தடைகளைத் தாண்டுகிறது: தண்ணீரிலிருந்து சுவருக்கு, சுவரின் ஊடாக, சுவரிலிருந்து காற்றுக்கு. குழாய்ச் சுவர் 0.15 மி.மீ. பித்தளை என்றும், காற்றுப்பக்க வெப்ப மாற்றுக் குணகம் ஒரு சதுர மீட்டருக்கு டிகிரிக்கு 80 வாட் என்றும் வைத்துக்கொள்வோம். சுவரின் தடை காற்றுப்பக்கத் தடையில் சுமார் 9,000இல் ஒரு பங்கு. ஃபின் வைத்துக் காற்றுப்பக்கப் பரப்பைப் பத்து மடங்காக்கினாலும் 900இல் ஒரு பங்குதான். அந்தச் சுவரைப் பித்தளையிலிருந்து தங்கமாக மாற்றினாலும் வெப்பமானியில் ஒன்றும் தெரியாது. தடை முழுவதும் காற்றின் பக்கம் இருக்கிறது. பணத்தையும் எடையையும் செலவழிக்கவேண்டிய இடம் ஃபின்களும் காற்று போகும் வழியும்தான்.

ஃபின் விஷயத்தில் அலுமினியத்துக்கு உரியதைக் கொடுத்தாகவேண்டும். ஃபின் நெடுக வெப்பம் நடந்து போகவேண்டும், அதனால் அங்கே கடத்துதிறனுக்கு மதிப்பு உண்டு. செம்பு ஃபினுக்கு ஈடாக அலுமினிய ஃபின் 1.8 மடங்கு தடிமன் வேண்டும். ஆனால் அதன் அடர்த்தி 2.7 மட்டுமே. பெருக்கிப் பார்த்தால் அதே வேலைக்குச் செம்பின் எடையில் பாதிக்குச் சற்று மேல் வருகிறது. இது உண்மையான சேமிப்பு, மறுக்கமாட்டேன். அப்படியானால் 1900களிலேயே ஏன் யாரும் அதைச் செய்யவில்லை? அலுமினியம் ஏராளமாகக் கிடைத்தது. அக்கால எஞ்சின்களின் கிராங்க்கேஸ்களே அலுமினிய வார்ப்புகள். தடை இணைப்பில் இருந்தது. அலுமினியத்தின் மேல் நொடியில் படியும் ஆக்சைடு ஏடு ஈயப்பற்றை ஒட்டவிடாது. அதை அரிக்கும் குளோரைடு ஃபிளக்ஸ் போட்டால், கழுவியும் போகாத மிச்சம் பிறகு குழாயையே அரித்துவிடும். 1910இல் நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட்டில் தேனடை வகை ரேடியேட்டர் செய்யத் தொடங்கிய ஹாரிசன் நிறுவனம், அரை நூற்றாண்டு கழித்து, 1960 கார்வெட் காரின் சில எஞ்சின்களுக்குத்தான் அலுமினிய ரேடியேட்டரைக் கொடுத்தது. மிச்சம் வைத்தாலும் அரிக்காத ஃப்ளூரைடு ஃபிளக்ஸ் 1970களின் இறுதியில் பக்குவப்பட்ட பிறகே அது எல்லாக் கார்களுக்கும் பரவியது. அலுமினியம் கடைசியில் வென்றது உண்மை. நூற்றுக்கணக்கான முனைகளை ஒரே உலையில், ஒரே தடவையில், காரீயம் இல்லாமல் இணைக்க முடிந்த நாளில் வென்றது. 95 குழாய்களை உலைக்குள் அனுப்பிய ஃபோர்டின் வழியே அங்கேயும் தொடர்ந்தது.

எடை உயிர்ப்பிரச்சினையாக இருந்த இன்னொரு துறை விமானம். அங்கேயும் உலோகத்தை மாற்றித் தப்பிக்கவில்லை. ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் ரேடியேட்டரிலும் செம்புக் குழாய்களைப் பற்றவைத்த கோரே இருந்தது. மாற்றியது உள்ளே ஓடும் திரவத்தையும் அதன் வெப்பநிலையையும். அந்த விமானத்தின் மெர்லின் எஞ்சினின் தொடக்க வகைகள் 197 டிகிரியில் கொதிக்கும் தூய எத்திலின் கிளைக்காலில் ஓடின. பிறகு 70 பங்கு நீரும் 30 பங்கு கிளைக்காலும் கலந்து அழுத்தத்தில் ஓட்டினார்கள். காரணம் எளிது. வெளிக்காற்று 35 டிகிரி, உள்ளே 85 டிகிரி என்றால் வெப்பத்தைத் தள்ளும் வித்தியாசம் 50. உள்ளே 105 டிகிரிக்கு ஏற்றினால் வித்தியாசம் 70. அதே வேலையை ஏழில் ஐந்து பங்கு பரப்பே செய்துவிடும். கார்களில் அழுத்த மூடி வந்ததும் இதே கணக்கில்தான்: பிரஷர் குக்கரில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டுவதுபோல, சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் கொதிநிலையைச் சுமார் 111 டிகிரிக்கு உயர்த்தும். திறந்த ரேடியேட்டருடன் ஆல்ப்ஸ் மலையில் 2,757 மீட்டர் உயரமுள்ள ஸ்டெல்வியோ கணவாயில் ஏறினால் சுமார் 91 டிகிரியிலேயே கொதிக்கும்.

இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் 1920களின் காருக்கு அழுத்த மூடி வாங்கிவிடவேண்டாம். 50 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள மேல் டேங்கின் தட்டையான முகத்தில் 7 பவுண்டு அழுத்தம் தரும் விசை ஏறக்குறைய 245 கிலோ எடைக்குச் சமம். மெல்லிய பித்தளைத் தகட்டை மடித்து ஈயப்பற்றால் மூடிய அந்த டேங்க் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. மடிப்பு பிரியும், அல்லது தேனடையின் முனைகள் வாய்விடும்.

ரேடியேட்டரையே எடுத்துவிட்டால் எடையும் விலையும் ஒரேயடியாகப் போய்விடுமே என்று கேட்டவர்களும் உண்டு. சிரக்யூஸ் நகரத்து ஃபிராங்க்ளின் நிறுவனம் 1902 முதல் 1934 வரை காற்றால் குளிரும் கார்களையே செய்து விற்றது. இலேசான, நல்ல கார்கள் அவை. அதே வழியில் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1923இல் ஒரு செவர்லேயைக் கொண்டுவந்தார். வார்ப்பிரும்பு சிலிண்டரைச் சுற்றிச் செம்பு ஃபின்கள், உலையில் இணைத்தவை. ரேடியேட்டர், ஹோஸ், தண்ணீர் எதுவும் இல்லை. 759 கார்கள் செய்தார்கள். வாடிக்கையாளர் கைக்குப் போனவை சுமார் 100. அவற்றையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சூடேறினால் எஞ்சின் சக்தி இழந்தது, எரிபொருள் காலத்துக்கு முன்பே பற்றிக்கொண்டது. செம்பு அங்கே சிறந்த கடத்தியாகத்தான் இருந்தது. வெப்பத்தைச் சிலிண்டரின் எல்லா மூலைகளிலிருந்தும் சமமாக எடுத்து வரும் வேலையைத் தண்ணீர் எவ்வளவு நன்றாகச் செய்துகொண்டிருந்தது என்பது, அதை எடுத்தபிறகுதான் தெரிந்தது.

சரி, இன்று ஒரு பழைய காரை ஓட வைக்க நினைப்பவர் என்ன செய்யலாம்? கூட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் கோர் என்றால் என் பரிந்துரை செம்பு ஃபின், பித்தளைக் குழாய், குறைந்த வரிசைகள். எத்தனை வரிசை என்பதில்தான் எடையும் செலவும் வீணாகின்றன. தண்ணீருக்கும் காற்றுக்கும் வித்தியாசம் 50 டிகிரி என்றும், ஒவ்வொரு குழாய் வரிசையும் எஞ்சிய வித்தியாசத்தில் கால் பங்கை எடுத்துக்கொள்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசை காற்றை 12.5 டிகிரி சூடாக்கும், இரண்டாவது 9.4, மூன்றாவது 7, நான்காவது 5.3. நான்காவது வரிசைக்கும் முதல் வரிசை அளவே குழாய், அதே ஈயம், அதே தண்ணீர், அதே கூலி. வேலை மட்டும் பாதிக்கும் குறைவு. கூடவே அது காற்றுக்கும் முட்டுக்கட்டை. தெர்மோசைஃபன் காரில் தண்ணீர் வழியின் அகலத்தைக் குறைக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். பம்ப் உள்ள காரில் நெருக்கமான ஃபின்களோடு இரண்டு வரிசை, விசிறியைச் சுற்றி ஒரு தகரக் கூண்டு, இது நான்கு வரிசைத் தடித்த கோரோடு போட்டியிடும். அலுமினியத்தை இங்கே தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம், வார்ப்பிரும்பும் பித்தளையும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நின்றால் அலுமினியம்தான் முதலில் கரையும். அரிப்புத் தடுப்பான் கலந்த கூலன்ட் இருக்கிறதே என்பீர்கள். அடைத்த அமைப்பில் அது நன்றாகக் காக்கும். சூடேறினால் வழிந்து ஊற்றும் திறந்த அமைப்பில், ஒவ்வொரு முறை வெறும் தண்ணீர் சேர்க்கும்போதும் மருந்தின் வீரியம் இறங்கிக்கொண்டே போகும்.

அசல் தேனடையே முகமாக உள்ள கார்களுக்கு நான் சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே எடையையும் செலவையும் பார்க்கக்கூடாது. அந்த ஆயிரக்கணக்கான முனைகள் ஒரு காலத்தின் கைவேலை. அவற்றை எடுத்துவிட்டால் கார் வேறொன்றாகிவிடும். கசியும் குழாயை அடையுங்கள், பற்றை மறுபடி வையுங்கள், எஞ்சின் பிளாக்கில் படிந்த துருவைக் கழுவி வெளியேற்றுங்கள். பல கார்கள் கொதிப்பது கோரின் குற்றத்தால் அல்ல, பிளாக்கில் சேர்ந்த சேற்றால்தான். அதைக் கழுவுவதுதான் செலவே இல்லாத முதல் சிகிச்சை.

மற்றவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். புதிய கோருக்கு ஆர்டர் கொடுக்கும் முன், பழைய ரேடியேட்டரைக் கழற்றித் தராசில் இரண்டு முறை வையுங்கள்: தண்ணீர் நிரப்பி ஒரு முறை, வடித்துவிட்டு ஒரு முறை. இரண்டு எண்ணையும் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.